கோல்கீப்பரை விசாரிக்கப் போய்

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். இதை முதலே சொல்லிப்போடுறன், பேந்து ஆரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. இந்தச் சுவிஸ் குளிருக்கு எல்லாருக்கும் ஹீட்டர் வேணும், உங்களுக்கு மட்டும் தேவையில்லை எண்டு மனுசி சொல்லுவா. அந்தக் கோவத்தோடதான் ஒரு முழு மாரிகாலமும் ஐஸ் ஹொக்கியைப் பற்றி மருமகனோட சண்டை பிடிச்சன். அந்தச் சண்டையை நினைச்சால் எனக்கு இப்பவும் கடவுளுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுது.

மருமகன் கோயம்புத்தூர்காரர். கொம்பியூட்டர் வேலைக்கு பெர்மிட்டோட வந்தவர். மகளுக்கும் அவருக்கும் எப்பிடிப் பழக்கம் வந்தது எண்டது அவையின்ர கதை, எனக்கு ஒழுங்காத் தெரியவும் தெரியாது. எங்கட ஆக்களிலை ஒரு சம்பந்தம் எண்டு வந்தால் முதல் வேலை விசாரிக்கிறது. எந்த ஊர், தேப்பன் என்ன செய்தவர், பெடியன் குடிப்பானோ, தாயோட எப்பிடிக் கதைப்பான், எல்லாத்தையும் நாலு பேரிட்டைக் கேட்டு அறிஞ்சால்தான் எங்களுக்கு நித்திரை வரும். கோயம்புத்தூரிலை எனக்கு ஆரைத் தெரியும்? ஒரு காகம் குருவியைக்கூடத் தெரியாது. விசாரிக்காமலே பிள்ளையைக் குடுத்தன். அந்த அந்தரம் கனநாள் உள்ளுக்கை கிடந்தது.

கலியாணம் முடிஞ்சு அவை ஆராவ் எண்ட ஊரிலை வீடெடுத்தினம். நாங்கள் ஊஸ்டரிலை. ஞாயிற்றுக்கிழமையிலை ரெயின் ஏறி அங்கை சாப்பிடப் போவம். போனால் நானும் மருமகனும் சோபாவிலை ஆளுக்கொரு மூலையிலை இருப்பம்.

"வாங்க மாமா, நல்லா இருக்கீங்களா?"

"ஓம் ஓம், இருக்கிறம்."

"டீ சாப்பிடறீங்களா?"

"குடிச்சிட்டுத்தான் வந்தனாங்கள்."

அவ்வளவுதான் கதை. பேந்து ரெண்டு பேரும் ரீவியைப் பாத்துக்கொண்டு இருப்பம். ரீவியிலை ஹொக்கி போகும். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையிலை வேலை. ஒன்பது மணி இடைவேளையிலை பாணும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டு அங்கை சுவிஸ்காரர் கதைக்கிறது ஹொக்கி ஒண்டுதான், அதாலை எனக்கு அந்த விளையாட்டு விளங்கும். மருமகனுக்கு கிரிக்கெட்டைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது.

மகள் கெட்டிக்காரி. ஒருநாள் எங்கட போனுகளைப் பறிச்சு ஒரு விளையாட்டை ஏத்தித் தந்தாள். சுவிஸ் லீக்கிலை உண்மையா விளையாடுற ஆக்களை எடுத்து ஆளாளுக்கு ஒரு கற்பனை ரீம் கட்டவேணும். எங்கட ஆள் அந்தக் கிழமை கோல் அடிச்சால், கோலுக்கு பக் எண்ட அந்தக் கறுப்பு வட்டை எடுத்துக் குடுத்தால், எங்களுக்குப் புள்ளி. வேண்டாத ஆளை மற்றவருக்குக் குடுத்து அவரின்ர ஆளை வாங்கலாம், ஆனால் ரெண்டு பக்கமும் சம்மதிக்கவேணும். நான், மருமகன், மகள், மனுசி, நாலு பேரும் சேர்ந்தம். மனுசி ஆக்களின்ர படத்தைப் பாத்து, ஆர் சிரிச்ச முகமா இருக்கினமோ அவையளா எடுத்தா.

மருமகன் கொஞ்ச நாளிலையே ஹொக்கியைக் கரைச்சுக் குடிச்சிட்டார். அவற்றை ஊரிலை கிரிக்கெட் ஆக்களை ஏலம் விடுறதாம், அந்தப் பழக்கம். ஒவ்வொருத்தனும் எத்தினை நிமிசம் ஐசிலை நிக்கிறான், எத்தினை தரம் கோலுக்கு அடிக்கிறான் எண்டு கொம்பியூட்டரிலை பெட்டி பெட்டியாப் போட்டு வச்சிருந்தார். எனக்கு அந்தக் கோதாரி ஒண்டும் வேண்டாம். நான் விசாரிச்சன்.

சிரிக்காதேங்கோ. இந்த நாட்டிலை எங்கட ஆக்கள் இல்லாத இடம் எங்கை இருக்கு? ஹோட்டல் சமையலறையிலை நிக்கினம், ஆஸ்பத்திரியிலை நிக்கினம், மாடிப்படி துடைக்கினம், வீடு காலி பண்ணேக்கை துப்பரவாக்கிக் குடுக்கினம். ஒரு ஹொக்கிக்காரன் ஐசிலை என்ன செய்யிறான் எண்டு முழுச் சனமும் பாக்குது. அவன் காலமைச் சாப்பாட்டு மேசையிலை என்ன செய்யிறான் எண்டு எங்கட ஆக்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருசம் ஒரு முன்வரிசைக்காரன் கோல் கோலா அடிச்சுத் தள்ளினான். மருமகன் அவனை எனக்குத் தாறன் எண்டார், பதிலா என்ர கோல்கீப்பரைக் கேட்டார். நான் உடன வில் எண்ட ஊரிலை இருக்கிற என்ர மச்சானுக்குப் போன் எடுத்தன். மச்சான் அங்கை ஒரு ஹோட்டலிலை காலமைச் சாப்பாடு போடுறவன், அந்த முன்வரிசைக்காரன்ர ரீம் ஒருக்கா அங்கை தங்கினது. "அத்தான், கோப்பை நிறைய முட்டையை அள்ளினான், ஒரு வாய் திண்டிட்டு அப்பிடியே விட்டிட்டுப் போட்டான்" எண்டான்.

அது காணும் எனக்கு. "வேண்டாம் தம்பி, சாப்பாட்டை எறியிறவன் உருப்படமாட்டான்" எண்டன்.

மருமகன் என்னைப் பாத்தார். "மாமா, போன மேட்ச்ல மூணு கோல் போட்டிருக்காருங்க."

"போடுவான், போடுவான். எத்தினை நாளைக்கு எண்டு பாப்பம்."

அந்த அறுவான் சீசன் முடியுமட்டும் போட்டான். ஒரு நாள் கால்கூட நோகேல்லை அவனுக்கு.

இன்னொருத்தன் பின்வரிசைக்காரன், அவனை நான் விடவேமாட்டன் எண்டு பிடிச்சு வச்சிருந்தன். ஏனெண்டால் அவன் இருக்கிற கட்டடத்திலை படி துடைக்கிற பிள்ளை சொன்னது, அவன் ஒவ்வொரு நாளும் நிண்டு க்ரூயெட்சி எண்டு சுவிஸ் வணக்கம் சொல்லிப்போட்டு, ஈரப்படியிலை கால் வைக்காமல் காய்ஞ்ச பக்கத்தாலை போவானாம். எவ்வளவு நல்ல வளர்ப்பு! புள்ளி எண்டு பாத்தால் ஒண்டும் இல்லை. "மாமா, க்ரூயெட்சிக்கெல்லாம் பாயின்ட் கிடையாதுங்க" எண்டு மருமகன் சொல்ல, மகள் குசினிக்குள்ளை போய் நிண்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். எனக்கு வந்த விசருக்கு அண்டைக்குப் பாயாசமும் குடிக்கேல்லை.

நான்தான் கடைசி. மனுசி சிரிச்ச முகங்களை வச்சுக்கொண்டு முதலாவது.

ஆனால் ஒண்டு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்த கதை கிழமை முழுக்க வரத் தொடங்கிச்சு. வேலைக்குப் போற ரெயினிலை இருந்து மருமகன் எடுப்பார், நான் கரட் வெட்டிக்கொண்டு போனைத் தோளிலை இடுக்கிக் கத்துவன். எங்கட சீவ், சமையலறைக்குப் பெரியவன், சுவிஸ்காரன், நல்ல மனுசன், ஆரோட சண்டை பிடிக்கிறாய் எண்டு கேட்டான். மருமகனோட ஹொக்கிச் சண்டை எண்டன். அப்ப கெதியாப் பிடி, பத்து மணிக்கு சூப் வேணும் எண்டிட்டுப் போனான். மருமகன் எனக்கு முன்னாலை கோவப்படப் பழகினதும் அப்பதான். "நீங்க சொல்றது சுத்த அநியாயம் மாமா!" எண்டு முதல்தரம் குரலை உயர்த்தின அண்டைக்கு, எனக்கு என்னவோ சரியான சந்தோசம். வீட்டுப் பிள்ளையெண்டால்தானே தேப்பனோட சத்தம் போடும்.

சீசன் முடியிற நேரம். என்ர கோல்கீப்பர் கிளப்பை விட்டுப் போகப்போறான் எண்டு ஒரு கதை அடிபட்டுது. மருமகன் இன்னும் அவனைக் கேட்டு நச்சரிச்சுக்கொண்டு இருந்தார். அவன் இருக்கிறது ஆராவுக்குப் பக்கத்திலை. ஆராவிலை எனக்குத் தெரிஞ்ச அண்ணை ஒருத்தர் வீட்டு அப்காபே வேலை எடுத்துச் செய்யிறவர். வீடு காலி பண்ணி முதலாளியிட்டைத் திருப்பி ஒப்படைக்கேக்கை ஒரு தூசி இருக்கக்கூடாது, அடுப்புக்குள்ளை விரலை விட்டுப் பாப்பினம், அந்தத் துப்பரவு. கோல்கீப்பர் வீடு விடுறான் எண்டால் அண்ணைக்குத் தெரியாமல் இராது. இடைவேளைக்கு வெளியிலை போய் நிண்டு போன் எடுத்தன்.

"கோல்கீப்பரை எனக்குத் தெரியாது தம்பி" எண்டார் அண்ணை. "அதை விடும், உம்மட மகளவை வீடு விடினமாமே? மருமகன் வந்து அப்காபேக்கு விலை கேட்டவர். கனடாவுக்குப் போகினமாம். நீர் ஒரு வார்த்தை சொல்லேல்லை."

நான் என்ன சொன்னன் எண்டு ஞாபகம் இல்லை. ஓம் ஓம் எண்டிருப்பன். உள்ளை வந்து கரட்டுக்குப் பதிலா உருளைக்கிழங்கை எடுத்து வெட்டிக்கொண்டு நிண்டன். சீவ் வந்து கத்தியை என்ர கையிலை இருந்து எடுத்திட்டு, போய் இரு எண்டான். ஒண்டும் கேக்கேல்லை. அவன் பிறகும் கேக்கேல்லை.

என்ர பிள்ளை நாட்டை விட்டுப் போறாள். ஊரெல்லாம் விசாரிக்கிற எனக்கு, என்ர வீட்டுக் கதை துப்பரவுக்காரர் சொல்லித்தான் தெரியவேணும். அந்தக் கிழமை முழுக்க எனக்குள்ளை ஓடினது ஒண்டுதான்: இவை என்னை ஒரு ஆளா எண்ணேல்லை. போற அண்டைக்கு விமான நிலையத்திலை கையைக் காட்டச் சொல்லிக் கூப்பிடுவினம், அவ்வளவுதான். மனுசிக்கு வாய் திறக்கேல்லை. அவவுக்குத் தெரிஞ்சால் அழுவா எண்டு நினைச்சன்.

ஞாயிற்றுக்கிழமை போனம். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, மருமகன் தன்ர கையாலை வச்ச ரசம். சாப்பிடத் தொடங்கமுன்னமே அவர் தொடங்கிட்டார்.

"மாமா, கடைசியா கேக்கறேன். உங்க கோல்கீப்பரைக் குடுங்க, அந்த ஃபார்வர்டோட இன்னொருத்தரையும் சேத்துத் தர்றேன். இதைவிட நல்ல ட்ரேட் யாரும் தரமாட்டாங்க."

"தரமாட்டன்."

"ஏனுங்க மாமா? அடுத்த சீசனுக்கு உங்க டீம்ல கோல் அடிக்க ஆளே இல்லையே?"

"அடுத்த சீசன்!" எண்டன். வாய் என்ர சொல்லுக் கேக்கேல்லை. "நாட்டை விட்டுப் போறவருக்கு அடுத்த சீசன் எதுக்கு? கனடாவிலை போய் அங்கத்தை ஆக்களை வாங்கும்!"

அகப்பை விழுந்த சத்தம் கேட்டுது. நான் திரும்பி மனுசியைப் பாத்தன். அவ அழேல்லை, திடுக்கிடவுமில்லை. "உங்களுக்கு ஆர் சொன்னது?" எண்டா. அப்ப இவவுக்கும் தெரியும்!

"நீயுமோ?" எண்டு கேட்டன். "எழும்பு. ரெயினுக்கு நேரமாச்சு. இஞ்சை எனக்கு என்ன வேலை?"

கோட்டை எடுத்திட்டன். மருமகன் ஓடிவந்து கதவுக்கு முன்னாலை நிண்டார்.

"மாமா, நான் இன்னும் கையெழுத்துப் போடலைங்க."

"போடாமல் ஏன் துப்பரவுக்கு விலை கேட்டனீர்?"

"எதுக்கு எவ்வளவு ஆகும்னு எல்லாம் எழுதிப் பாத்தாத்தானுங்க எனக்கு யோசிக்கவே வரும். டொரான்டோ ஆபீசுக்கு வரச்சொல்லிக் கேக்கறாங்க. எங்க மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்னு சொல்லிட்டேன். கேக்கத்தான் பயமா இருந்துச்சு. நீங்க கத்துவீங்கன்னு ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டுட்டேன்."

"இவர் அப்பிடிச் சொல்ல ஒபிசிலை சிரிச்சவையாம் அப்பா" எண்டாள் மகள். "நானும் சிரிச்சனான். மாமாவைக் கேக்காமல் முடியாது எண்டு ஒரேயடியா நிண்டிட்டார். அம்மாவுக்கும் முந்தநாள்தான் சொன்னது."

கோட்டைக் கையிலை வச்சுக்கொண்டு நிண்டன். கேக்கிறதாம். என்னை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை அகதி முகாமிலை ஒருத்தன் வந்து, நீ இந்தக் கன்டோனுக்கு, இந்த மாநிலத்துக்கு எண்டான். இன்னொருத்தனை வேறை கன்டோனுக்கு எண்டான். பங்கு பிரிச்சு அனுப்பினவை. குறையாச் சொல்லேல்லை, சோறு தந்த நாடு, படுக்க இடம் தந்த நாடு, நான் செத்தாலும் மறக்கமாட்டன். ஆனால் எங்கை போக விருப்பம் எண்டு என்னட்டை ஆரும் கேக்கேல்லை. பேந்து வேலை, வீடு, பிள்ளையின்ர பள்ளிக்கூடம், எல்லாம் வந்தது வந்தபடி எடுத்துக்கொண்டன். பிள்ளையின்ர கலியாணமும் எனக்குச் சொன்னவை, கேக்கேல்லை.

"என்னட்டை என்னத்தைக் கேக்கிறது? நீங்கள் படிச்ச ஆக்கள்" எண்டன். வீம்பு இன்னும் இறங்கேல்லை.

"நம்பரெல்லாம் போன்னுதான் சொல்லுது மாமா. சம்பளம், வேலை, எல்லாம் பாத்துட்டேன். ஆனா அங்க இருக்கற மேனேஜர் எப்படிப்பட்ட ஆள், இவளை வெச்சுட்டு நிம்மதியா இருக்க முடியுமா, அதெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது. நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்."

கோட்டைத் திரும்பக் கொழுவினன். சோறு ஆறிப்போச்சு, அதையும் சாப்பிட்டம்.

கோயம்புத்தூரிலைதான் எனக்கு ஆரையும் தெரியாது. டொரன்டோ எண்டால் எங்கட சனம் அரைவாசி அங்கைதானே. அண்டைக்குப் பின்னேரமே அங்கை இருக்கிற என்ர மச்சாளுக்குப் போன் எடுத்தன். மச்சாள் தன்ர கோயில் ஆக்களைக் கேட்டா, அவை இன்னொருத்தரைக் கேட்டினம், கடைசியிலை அந்த ஒபிஸ் கட்டடத்துக் கன்ரீனிலையே எங்கட பிள்ளை ஒண்டு நிக்குது. கிழமை முழுக்கப் போன் அடிச்சபடி. மேனேஜர் ஒரு பொம்பிளையாம். கன்ரீன் பிள்ளையின்ர தாய் செத்தப்ப செத்தவீட்டுக்கு வந்து ஒரு மூலையிலை கனநேரம் இருந்திட்டுப் போனவவாம். வேலை முடிஞ்சால் ஆக்களை வீட்டுக்குப் போங்கோ எண்டு கலைக்கிறவவாம். மகள் இஞ்சை படிச்ச தாதிப் படிப்புக்கு அங்கை ஒரு சோதனை எழுதவேணும், எழுதினால் வேலை இருக்கு. பக்கத்திலை கோயில் இருக்கு. எங்கட கடை இருக்கு.

எனக்கு வந்த ஆத்திரம்! இவ்வளவு பேரைக் கேட்டும் ஒரு ஆளாவது ஒரு குறை சொல்லக்கூடாதோ? ஹொக்கிக்காரனுக்கு முட்டைக் கோப்பை கண்டுபிடிச்ச எனக்கு, இந்த மேனேஜரிலை ஒரு பிழையும் அகப்படேல்லை.

உண்மையைச் சொல்லுறன். மேனேஜர் சரியில்லையாம் எண்டு ஒரு வார்த்தை சொன்னால் காணும், மருமகன் நிண்டிடுவார். அதுக்கு மேலை ஒரு கேள்வி கேக்கமாட்டார். என்ர பிள்ளை ஆராவிலை இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் ரெயின் ஏறலாம். அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள்ளை வச்சுக்கொண்டு சூப் கிண்டினன், பஸ்சிலை போனன், சாமி கும்பிட்டன். மனுசி என்ர முகத்தைப் பாத்திட்டு, "என்ன யோசிக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" எண்டா. செய்யுங்கோ எண்டும் சொல்லேல்லை, செய்யாதேங்கோ எண்டும் சொல்லேல்லை.

அடுத்த ஞாயிறு மருமகன் ரீவியை நிப்பாட்டிப்போட்டு என்ர முன்னாலை வந்து இருந்தார். பள்ளிக்கூடத்திலை சோதனை மறுமொழி பாக்க வந்த பிள்ளை மாதிரி முகம். அந்த முகத்தைப் பாத்தாப் பிறகு எனக்கு வேறை வழி இருக்கேல்லை.

"விசாரிச்சன் தம்பி. நல்ல மனுசி. நல்ல இடம். போங்கோ."

சொல்லி முடிய எனக்கு அழுகை வந்திட்டுது. கொஞ்சம் அல்ல, குலுங்கிக் குலுங்கி அழுதன். என்ர தாய் செத்த செய்தி வந்த நேரமும் நான் இப்பிடி அழேல்லை. மருமகன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தார். "மாமா, வேண்டாங்க, நாங்க போகலை" எண்டார். "விசர்க்கதை கதையாதேங்கோ, நல்ல ட்ரேட்டை ஆராவது விடுவினமோ?" எண்டு அழுகைக்குள்ளாலை கத்தினன். மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து வச்சா.

வீட்டை ஆராவ் அண்ணையும் நானுமாச் சேர்ந்துதான் துப்பரவாக்கினது. என்ர பிள்ளை இருந்த வீட்டை வேறை ஆர் துடைக்கிறது? ஒப்படைக்கிற அண்டைக்கு வீட்டு நிர்வாகத்துப் பொம்பிளை வந்து அடுப்பைப் பாத்தா, யன்னல் விளிம்பைத் தடவிப் பாத்தா, சவர்க் குழாயைத் திருப்பிப் பாத்தா. ஒரு குறை சொல்லேல்லை. மருமகன் அவவோட கீழை போனார், சாமான் அறையைக் காட்ட. மகளும் நானும் வெறும் குசினிக்குள்ளை நிண்டம்.

"அப்பா" எண்டாள். "கூடாது எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் நிண்டிருப்பம். உங்களுக்கு அது தெரியும்தானே?"

"தெரியும்."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

கையிலை இருந்த துணியைப் பிழிஞ்சு வாளியிலை போட்டன்.

"உன்ர மனுசன் என்னை நம்பிக் கேட்டவர், பிள்ளை. இதுக்கு முதல் என்னட்டை ஆர் கேட்டது?"